மாமனார் பேருள்ள தலைப்பு

போன வாரம் மாமனாரின் அண்ணன் தெமிர்பெக் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனாரே, அந்தப் பேச்சில் கனிஷாயின் காதில் விழுந்தது ஒரே ஒரு துண்டு. "பரீட்சை முடியட்டும், அப்புறம் அவகிட்ட சொல்லிக்கலாம்." சொன்னவர் மாமனார். என்ன சொல்லப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டாள். மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த வீட்டுப் பெரியவர்களிடம் அவள் கேட்டதெல்லாம் "டீக்குப் பால் ஊத்தட்டுமா" என்பது மாதிரியான கேள்விகள்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. பதினொன்றாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் படிப்பை விட்டுவிட்டு உலானைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் கனிஷாய். காதல்தான், யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. உலான் சைபீரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். சாரத்திலிருந்து விழுந்தான். பெட்டியில் திரும்பி வந்தான். அவனுடைய வருஷ நினைவு விருந்து இந்த வசந்தத்தில் முடிந்தது. பெண்கள் கூடி அவளுடைய கறுப்பு முக்காட்டை அவிழ்த்து, துக்கம் தீர்ந்ததென்று வெள்ளை கட்டிவிட்டார்கள். துக்கம் என்ன, முக்காட்டோடு அவிழ்கிற சாமானா?

அந்த வாரமே மாமனார் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போய், அவள் பாதியில் விட்ட பள்ளியிறுதிப் பரீட்சைக்கு அவள் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். ஏன் இந்த அவசரம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கணக்கில் கனிஷாய் புலி. பயமெல்லாம் கட்டுரைப் பரீட்சைக்குத்தான். இன்றைக்கு அதுதான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இங்கே மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பெரியவர்கள் பெயரைச் சொல்லாத வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் தொல்லை என்னவென்றால், ஆட்களின் பெயர்களெல்லாம் அன்றாடம் புழங்குகிற சொற்கள். பெரியமாமா தெமிர்பெக்கின் பெயரில் வருகிற தெமிர் என்றால் இரும்பு. அதனால் கனிஷாய்க்கு இரும்புச் சட்டி 'கனத்த சட்டி'தான். மாமனாரின் பெயர் எர்கின். எர்கின் என்றால் சுதந்திரம் உள்ளவன், தன்னிஷ்டக்காரன். அந்தச் சொல் வரவேண்டிய இடத்திலெல்லாம் அவள் 'போஷ்' என்று சொல்லிச் சமாளிப்பாள்.

போஷ் என்றாலும் கட்டில்லாதது என்றுதான் அர்த்தம். ஆனால் காலிப் பாத்திரமும் போஷ், ஆளில்லாத வீடும் போஷ். 'அவள் தலை போஷ்' என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அவளுக்குப் புருஷன் இல்லை என்று அர்த்தம்.

கட்டுரைப் பரீட்சையில் மூன்று தலைப்புகள் வரும். முதல் இரண்டு பாடப் புத்தகத்திலிருந்து. மூன்றாவதை எல்லாரும் எர்கின் தலைப்பு என்பார்கள், மனதில் பட்டதை எழுதலாம். கனிஷாய் அதைப் 'போஷ் தலைப்பு' என்றாள். பால் கறந்துகொண்டிருந்த நாத்தனார் பெரிசாத் பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள்.

"காலித் தலைப்பா? அதுல காலித் தாளைத்தான் அண்ணி கொடுக்கணும்."

பெரிசாத்துக்குப் பதினேழு வயது. அவளும் இந்த வருஷம் அதே பரீட்சை எழுதுகிறவள். எழுத்துப் பிழை இல்லாமல் அவளுக்கு ஒரு வரி வராது, ஆனால் தைரியத்துக்குக் குறைச்சலே இல்லை. கனிஷாய்க்கு ஒரு பிழை வராது, ஒரு யோசனையும் வராது. ஆக, தொழுவத்திலேயே ஒப்பந்தம் ஆனது. அண்ணி பிழை திருத்துவாள், நாத்தனார் யோசனை வரவழைப்பாள்.

பெரிசாத்தின் வழி, சண்டை போடுவது. தலைப்பு நம் வாசலில் வந்து திமிராக நிற்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் அதன் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அடுத்து, ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கும் அடுத்து, யாரைப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான், கட்டுரை தானாக ஓடும்.

முதல் நாள் 'ரொட்டி புனிதமானது' என்ற தலைப்பைக் கொடுத்தாள். கனிஷாய் கொஞ்ச நேரம் யோசித்து, "ஆமாம், புனிதமானது" என்றாள். கட்டுரை முடிந்தது. இல்லை என்கிற சொல்லே அந்த வாயிலிருந்து கழன்று போயிருந்தது. உலானின் பெட்டி வந்த அன்றும் அப்படித்தான். மனைவி உட்கார்ந்து ஒப்பாரி சொல்லி அழ வேண்டும். மற்றப் பெண்கள் வரி வரியாகச் சொல்லி அழுதார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. வாயில்லாப் பூச்சி என்று ஊர் சொன்னது. அதில் உரக்கச் சொன்னவர் தெமிர்பெக்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் பெரிசாத் 'பொறுமை பொன் போன்றது' என்ற தலைப்பைக் கொடுத்தாள். கனிஷாய் வாளியைக் கீழே வைத்தாள்.

"இல்ல, கடைக்குட்டி. உங்கண்ணன் 'போயிட்டு வரட்டுமா'ன்னு கேட்டப்ப நான் பொறுமையா இருந்தேன். போகாதீங்கன்னு சொல்லல. சொல்லியிருக்கணும்."

பெரிசாத் அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை எழுதுங்க" என்றாள். அன்றிலிருந்து கனிஷாய்க்கு யோசனைகள் வர ஆரம்பித்தன. ரொட்டி தட்டும்போது வந்தன, துணி அலசும்போது வந்தன. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று அவளே கேட்கிற அளவுக்கு வந்தன.

இன்று காலை வீடு சீக்கிரம் விழித்துவிட்டது. மாமியார் பாத்மா சமோவாரில் தண்ணீர் கொதிக்க வைத்து, ரொட்டிக்குப் பாலாடை தடவிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. புகை என்றாள். சமோவாரில் புகையே இல்லை. மருமகளின் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்காதது கனிஷாயை உறுத்தியது. நான் படிப்பது அத்தைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பாயெல் எழுந்து வந்தான். உலானின் மகன், இரண்டு வயது தாண்டியவன். தூக்கம் கலையாமல் நேரே பாத்மாவின் மடியில் போய் விழுந்து, "அம்மா" என்றான். பிறகு கனிஷாயைப் பார்த்து, "அண்ணி, தண்ணி" என்றான்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி தலைப்பிள்ளை தாத்தா பாட்டியின் பிள்ளை. பெற்றவள் பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், காய்ச்சலுக்கு விழித்திருப்பாள். ஆனால் 'என் மகன்' என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். பெரிசாத் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் பெற்றவளை அண்ணி என்றே கூப்பிடப் பழகியிருந்தான். யாரும் இதைக் கொடுமை என்று நினைப்பதில்லை. கனிஷாயும் நினைத்ததில்லை. அவன் தண்ணீர் குடித்துவிட்டுக் குவளையை நீட்டும்போது அந்தக் குட்டி விரல்களைக் கொஞ்சம் அதிகநேரம் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

மாமனார் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். நடந்தே போய்விடுகிற தூரம்தான். "பரீட்சைக்குப் போறவங்க செருப்புல புழுதி படக்கூடாது" என்று அவராக ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்துச் சொன்னார்.

*

பள்ளிக்கூடத்தில் உறையைக் கிழித்துத் தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதினார் சைராகுல் டீச்சர். கனிஷாய்க்கும் ஒரு காலத்தில் பாடம் எடுத்தவர். ஆளுக்கு இரண்டு வகைத் தாள் கொடுத்தார்கள், எல்லாவற்றிலும் பள்ளியின் முத்திரை. அடித்துத் திருத்தி எழுதிப் பார்க்கிறதற்குக் கறுப்புத் தாள் என்று பேர், நிறம் வெள்ளைதான். அதைப் பார்த்துச் சுத்தமாக எழுதிக் கொடுக்கிறது வெள்ளைத் தாள். மதிப்பெண் வெள்ளைத் தாளுக்குத்தான்.

முதல் இரண்டு தலைப்புகளும் கடைசிப் பருவத்துப் பாடங்கள். அவள் படிக்காதவை. மூன்றாவதை வாசித்தபோது அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

'எர்கின் மனிதன் யார்?'

முன் வரிசையிலிருந்து பெரிசாத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சைராகுல் டீச்சர் மேசையைத் தட்டினார்.

கனிஷாய் கறுப்புத் தாளில் தலைப்பை எழுதினாள். பேனா அந்தச் சொல்லுக்குப் போகவில்லை. நாக்குக்குத்தான் தடை, கைக்கு யார் தடை போட்டார்கள்? ஆனால் கை கேட்கவில்லை. கடைசியில் 'போஷ் மனிதன் யார்?' என்று எழுதினாள். வெள்ளைத் தாளில் எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அந்தச் சொல்லை வைத்தே மேலே எழுத ஆரம்பித்தாள்.

தலைப்பு வாசலில் வந்து நின்றது. தன்னிஷ்டப்படி நடப்பவன்தான் போஷ் மனிதன் என்றது. இல்லை என்றாள் கனிஷாய். ஏன் இல்லை? எங்கள் வீட்டுக் குதிரையை மேய விடும்போது முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டித்தான் விடுவோம். அது தன்னிஷ்டப்படி மேய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. என் புருஷனும் தன்னிஷ்டப்படிதான் வேலைக்குப் போனார். வீட்டுக் கடனும் வரப்போகிற குழந்தையும் அவர் காலில் கட்டியிருந்தது எனக்குத் தெரியும்.

எழுத எழுதக் கை சூடு பிடித்தது. பக்கத்துப் பையன் கொட்டாவி விடுவதோ, ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றோ அவளுக்குத் தெரியவில்லை. அப்படியானால் யார்தான் போஷ்? ஒரு ஆளைக் காட்டு என்றது தலைப்பு. அவள் யோசிக்கவே இல்லை.

'என் மகன் வாதுமைத் தோட்டத்தில் ஓடுகிறான். கால்வாய் இருக்கிறது, நாய் இருக்கிறது, அவனுக்குப் பயமில்லை. ஓரத்தில் நான் நிற்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே தெரியும். யாரோ ஒருவர் ஓரத்தில் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் ஓடுகிறவன்தான் போஷ். என் மகன் போஷ். நான் நிற்கிறேன்.'

எழுதி முடித்து வாசித்தாள். 'என் மகன்' என்று எழுதியிருந்தது. இரண்டு இடத்தில். அடிக்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோனாள், அடிக்கவில்லை. இதைத் தவிர அந்தத் தாளில் பொய்யே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது, பிறகு இதுவும் பொய் இல்லையே என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. தேறிவிடுவேன் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

*

நீண்ட பரீட்சை என்பதால் ஒவ்வொருவராக வராந்தாவுக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். பெற்றோர்கள் மேசை போட்டு டீயும், எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளும் வைத்திருப்பார்கள். வெள்ளைத் தாளைத் தொடங்கும் முன்பு கனிஷாயும் எழுந்து போனாள். டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் தெமிர்பெக்கின் மனைவி, கனிஷாயின் பெரியத்தை, குல்சுன்.

குல்சுன் கெட்டவள் இல்லை. வாய்க்குள் ஒரு பொழுது ஒரு செய்தி தங்காது, அதுதான் அவளுடைய வியாதி. கோப்பையைக் கையில் கொடுத்தபடியே, எப்படி எழுதினாய் என்று கேட்டாள். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று கனிஷாய் சொன்னாள். மருமகள் இப்படித் தெளிவாகப் பதில் சொல்லிக் கேட்டதே இல்லை என்பதால் குல்சுன் ஆச்சரியப்பட்டாள், பிறகு இரக்கப்பட்டாள்.

"நல்லா எழுது பொண்ணே. தேறிட்டா உன்னை அனுப்பி வைக்கிறதா முடிவு பண்ணியாச்சு. உன் தலை போஷ். இந்த வயசுல எத்தனை நாள்தான் இங்க உக்காந்திருப்ப?"

கனிஷாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது டீ கையைச் சுட்டது.

"பாயெல்?" என்றாள்.

"அவன் எங்க போவான்? ஆம்பளப் புள்ள, நம்ம வீட்டுப் புள்ள. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். புள்ள எங்கயும் போகாது, நான் இருக்கேன்னு."

கனிஷாய் கோப்பையை மேசைமேல் வைத்தாள். அவள் பெரியவர்களிடம் கேட்டறியாத மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"தேறலைன்னா, பெரியத்தை?"

குல்சுனுக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "தேறலைன்னா என்ன, இருக்கிறபடி இருக்க வேண்டியதுதான்" என்று தோளைக் குலுக்கிவிட்டு, அடுத்த பையனுக்கு டீ ஊற்றத் திரும்பினாள்.

இருக்கிறபடி இருக்க வேண்டியதுதான். போகிறபோக்கில் சொன்ன அந்த வார்த்தையைக் கனிஷாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

*

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கறுப்புத் தாள் முன்னால் கிடந்தது. 'என் மகன் போஷ். நான் நிற்கிறேன்.' தேறினால் எங்கே நிற்பது?

மாமனார் அவசர அவசரமாகப் பெயர் பதிந்தது இதற்குத்தானா? அத்தை முகம் பார்க்காதது இதற்குத்தானா? அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் செய்திருப்பார்கள். இருபது வயதுப் பெண்ணை வீட்டில் கட்டிப்போடக்கூடாது, படிக்கட்டும், போகட்டும் என்று. கட்டை அவிழ்க்கிறார்கள். எந்தக் கட்டு என்று அவளைக் கேட்கவில்லை.

காலையில் அந்தக் குட்டிக் கை குவளையை நீட்டியது. இன்னும் எத்தனை காலை?

அவள் வெள்ளைத் தாளை இழுத்துத் தலைப்பை எழுதினாள். இந்தமுறை அந்தச் சொல்லையே எழுதினாள், எர்கின் என்று, எழுத்து எழுத்தாக. மாமனார் பெயரை எழுதிவிட்டோம் என்ற பயம்கூட வரவில்லை. அதற்கெல்லாம் இடமில்லாமல் மனம் நிறைந்திருந்தது. பிறகு பேனாவை மூடிவைத்தாள்.

அருமையான கட்டுரை ஒன்று பக்கத்தில் கிடக்க, அதைப் பார்த்து எழுதாமல் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கை தானாகப் பேனாவுக்குப் போனது. அவள் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். வகுப்பு முழுக்கப் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிசாத் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள், எத்தனை பிழையோ.

மணி அடித்தது. சைராகுல் டீச்சர் வரிசையாகத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். கனிஷாயின் வெள்ளைத் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார்.

"என்னம்மா இது?"

"வரலை டீச்சர்" என்றாள் கனிஷாய்.

டீச்சர் நம்பினார். அவளைப் பற்றி இப்படி ஒரு பொய் சொன்னால் ஊரில் நம்பாதவர்கள் இருக்க மாட்டார்கள். பெரிசாத் மட்டும் நம்பவில்லை. தன் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றவள் அந்தக் காலித் தாளைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த துள்ளல் அப்படியே வடிந்தது.

கறுப்புத் தாளையும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். கனிஷாய் அதையும் கொடுத்தாள். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். டீச்சர் மற்றத் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு அந்த ஒரு கறுப்புத் தாளை மட்டும் கண்ணருகே பிடித்துக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியிருந்தது. போஷ், போஷ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கனிஷாய் படி இறங்கினாள்.

*

மாமனார் காரோடு காத்திருந்தார். இருவருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வைத்திருந்தார். அது உருகத் தொடங்கியிருந்தது. எப்படி எழுதினீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை, கேட்டால் ராசி போய்விடும் என்பது அவருடைய அடுத்த சாஸ்திரம். வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்தார். வாதுமை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருப்பதைப் பற்றிப் பேசினார், கரகோல் நகரத்துக்குப் போகிற பாதையைச் செப்பனிட்டுவிட்டதைப் பற்றிப் பேசினார். பின் இருக்கையில் பெரிசாத் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, "ஏன்?" என்று கேட்டாள். கனிஷாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. தோற்றாயிற்று. இனி யாரும் அனுப்ப மாட்டார்கள். ராத்திரி அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

வீட்டு முற்றத்தில் பாத்மா நின்றாள். பாயெலுக்குத் துவைத்த சட்டை போட்டு, தலையை ஈரம் தொட்டு வாரியிருந்தாள். அவளுடைய இடது கை நிறையச் சர்க்கரைக் கட்டிகள்.

கார் நின்றதும் பாத்மா குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் அவளை அண்ணாந்து பார்த்து, "அம்மா" என்றான்.

"நான் பாட்டிடா" என்றாள் பாத்மா. குரல் உடைந்தது, ஆனாலும் விடவில்லை. "காலையிலேர்ந்து சொல்லிக் கொடுத்தேன்ல? நான் பாட்டி. அங்க வர்றது யாரு?"

பாயெல் சர்க்கரையைப் பார்த்தான். காரிலிருந்து இறங்குகிறவளைப் பார்த்தான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தோடு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, "அம்மா" என்றான்.

கனிஷாய் காரின் கதவைச் சாத்த மறந்தாள்.

பாத்மா அருகே வந்தாள். காலையில் ஏறிட்டுப் பார்க்காத முகத்தை இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சர்க்கரை கீழே சிதறியது, பாயெல் அதைப் பொறுக்கப் போய்விட்டான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா உனக்குக் கை நடுங்கிப் போயிருக்கும். அதனாலதான் சொல்ல வேணாம்னு உங்க மாமா சொல்லிட்டாரு. இன்னிக்குக் காலையில உன் மூஞ்சியப் பாத்தா சொல்லிடுவேனோன்னு பயந்து பாக்காமலே இருந்தேன். கேளு. கரகோல்ல என் தங்கச்சி வீட்டுல உனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கு. நர்ஸ் படிப்புல சேந்துக்க. இவனையும் கூட்டிக்கிட்டுப் போ."

"பெரியமாமா..." என்றாள் கனிஷாய்.

"அவர் ஒத்துக்கவே இல்ல. ஆம்பளப் புள்ளைய ஊரைவிட்டு அனுப்ப மாட்டேன்னு நின்னாரு. நானும் விடல. பெத்தவகிட்டதான் புள்ள இருக்கணும்னேன். கடைசியில சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அவ அந்தக் கட்டுரையில தேறட்டும், புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போகட்டும், தேறலைன்னா தனியா அவ அப்பன் வீட்டுக்குப் போகட்டும்னு. புருஷனுக்கு ஒப்பாரி வைக்கத் தெரியாதவ என்னத்த எழுதிடப் போறான்னு அவருக்கு நெனப்பு." பாத்மா அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்குத்தான் தெரியுமே. தொழுவத்துல நீ பேசுறதைக் கதவுக்குப் பின்னால நின்னு தினம் கேட்டுக்கிட்டிருந்தேன். சரின்னு அவர் கையில அடிச்சுட்டேன்."

மாமனார் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பேரனைப் பிரிகிற துக்கம், மருமகளுக்குப் பிள்ளையை வென்று கொடுத்த பெருமை, இரண்டும் சேர்ந்த கலக்கம்.

பாயெல் மண் ஒட்டிய ஒரு சர்க்கரைக் கட்டியோடு ஓடிவந்து, கனிஷாயின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். இன்னொரு தரம் சொன்னால் இன்னொன்று கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா, அம்மா" என்றான்.

"நல்லா எழுதினியா, பொண்ணே?" என்று கேட்டாள் பாத்மா.

பெரிசாத்தின் கையில் ஐஸ்கிரீம் முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

கனிஷாய் குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவனுடைய ஈரத் தலையில் முகத்தை வைத்து, யாரும் தன் கண்ணைப் பார்க்க முடியாதபடி மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லா எழுதினேன், அத்தை."